மங்குஸ்தான் விதையும் மரபியல் படிப்பும்

இரண்டு சீசனுக்கு முன்பு நடந்தது இது. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்பில் மரபியல் பாடத்தை அப்போதுதான் தொடங்கியிருந்தேன். மெண்டலின் பட்டாணிச் செடிகளைக் கரும்பலகையில் வரைந்து முடித்ததும், மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய அப்பா சீசன் காலத்தில் குற்றாலத்தில் பழக்கடை போடுகிறவர். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார்.

"டீச்சர், மாங்கொட்டையப் போட்டு முளைக்க வச்சா தாய் மரத்துப் பழம் மாதிரியே வராதாம். ஆனா மங்குஸ்தான் விதையப் போட்டா அப்படியே தாய் மரம் மாதிரிதான் காய்க்குமாம். எங்கப்பா சொன்னாங்க. அது ஏன் டீச்சர்?"

இருபது ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். விலங்கியல் படித்து, பி.எட். முடித்து வேலைக்கு வந்தவள். ஆனாலும் அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. "தெரியலம்மா, பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

அன்று இரவே தேடிப் படித்தேன். மாம்பூவில் மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் நடந்து விதை உண்டாகிறது. எனவே நம் ஊர் மாம்பழ வகைகள் பெரும்பாலானவற்றின் விதையில் தாய் மரத்தின் ஜீன்களும் மகரந்தம் தந்த மரத்தின் ஜீன்களும் கலந்திருக்கும். அதனால்தான் ருசி மாறாமலிருக்க ஒட்டுக் கன்று வாங்கி நடுகிறோம். மங்குஸ்தானில் கருவுறுதல் இல்லாமலேயே, தாயின் திசுவிலிருந்தே விதை உருவாகிறது. முளைத்து வரும் கன்று ஏறத்தாழ தாயின் நகல். பழக்கடை அண்ணாச்சி அனுபவத்தில் அறிந்து வைத்திருந்தது அறிவியல்படியும் சரி.

மறுநாள் இதை வகுப்பில் சொன்னேன். அவள் விடவில்லை. இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள். "இத மட்டுமே தனியா படிக்கணும்னா எந்த காலேஜ்ல என்ன படிப்பு டீச்சர்?"

முதல் கேள்வியைவிட இது என்னைச் சங்கடப்படுத்தியது. காரணம், இதே கேள்வியைப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் என்னிடம் கேட்டிருக்கிறான்.

ஒரு தவறான பதில்

அவனும் நன்றாகப் படிக்கிறவன். 3:1 விகிதக் கணக்கை வகுப்பில் முதலில் போட்டு முடிப்பவன். அவன் கேட்டபோது, "அப்படித் தனியா ஒரு டிகிரி நம்ம பக்கம் கெடையாதுப்பா" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அவன் பதினொன்றாம் வகுப்பில் நண்பர்களோடு வணிகவியல் பிரிவில் சேர்ந்தபோதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி விண்ணப்பம் வாங்கப் போனபோதுதான், உயிரியல் தொடர்பான எந்தப் படிப்பிலும் சேர வழியில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

இன்று அவன் நல்ல நிலையில்தான் இருக்கிறான். ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறான். ஒருமுறை தென்காசிப் பேருந்து நிலையத்தில் பார்த்தபோது, "அந்தப் பட்டாணிக் கணக்கு இன்னும் ஞாபகம் இருக்கு டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் பதினைந்து வயதில் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு வழி எனக்கே தெரியாமல் இருந்தது என்பது மனத்தில் தங்கிவிட்டது. எனவே இந்த முறை நானும் கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டேன். அதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

பெயர்ப் பலகையில் இல்லாத படிப்பு

பிரிட்டன் போன்ற நாடுகளில் இளநிலையிலேயே 'மரபியல்' என்ற பெயரில் பட்டம் உண்டு. நம் நாட்டிலும் பெங்களூரு, ஐதராபாத் பக்கம் சில கல்லூரிகளில், வேதியியல், விலங்கியல் போன்றவற்றோடு மரபியலையும் ஒரு முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கலாம். தமிழ்நாட்டிலோ மரபியல் பெரும்பாலும் வேறு பட்டங்களுக்குள்தான் இருக்கிறது. பி.எஸ்சி. விலங்கியல், பி.எஸ்சி. தாவரவியல், உயிர்த்தொழில்நுட்பவியல், வேளாண்மை ஆகிய நான்கு படிப்புகளிலும் அது ஒரு முக்கியத் தாள். மரபியல் என்ற பெயரோடு வரும் பட்டம் முதுநிலையில்தான் நம் கைக்கு எட்டுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மரபியல் துறை இருக்கிறது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் மனித மரபியல் துறை இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலம் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. பயிர்களில் ஆர்வமுள்ள பிள்ளைக்குக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மரபியல் மற்றும் பயிர்ப் பெருக்கம் முதுநிலைப் படிப்பாக உள்ளது. ஆக, இளநிலையில் அடித்தளம், முதுநிலையில் மரபியல் என்பதுதான் நம் ஊர் வழி.

இளநிலைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி, ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணி கல்லூரி, சுரண்டையில் காமராசர் அரசு கலைக் கல்லூரி, சற்றுத் தள்ளிப் பாளையங்கோட்டையில் பல கல்லூரிகள் என நம் பிள்ளைகள் பேருந்தில் போய்வரும் தூரத்திலேயே கல்லூரிகள் உண்டு. எந்தக் கல்லூரியில் எந்த உயிரியல் படிப்பு நடக்கிறது என்பதை ஆண்டுதோறும் சேர்க்கைக்கு முன் ஒருமுறை உறுதிசெய்துகொண்டால் போதும். வேளாண்மை என்றால் தூத்துக்குடி மாவட்டம் கிள்ளிகுளத்தில் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது.

அந்த வழியில் போனவர்கள்

'தனிப் பட்டம் இல்லை' என்பது ஒரு குறையாகத் தோன்றலாம். இந்திய மரபியலின் இரண்டு பெரிய பெயர்களை எடுத்துப் பார்ப்போம்.

ஜானகி அம்மாள் 1897-இல் தலச்சேரியில் பிறந்தவர். மெண்டலின் ஆய்வை உலகம் மறுபடி கண்டெடுத்ததே அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1900-இல்தான். அவர் சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1921-இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பிறகு உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். 1945-இல் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து ஒரு பெரிய நூலை வெளியிட்டார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவ்வளவுக்கும் அவர் இளநிலையில் படித்தது தாவரவியல்.

எம்.எஸ். சுவாமிநாதன் 1925-இல் கும்பகோணத்தில் பிறந்தார். முதலில் திருவனந்தபுரத்தில் விலங்கியல் பட்டம். 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் மனத்தை உலுக்க, மறுபடி கோவையில் வேளாண்மைப் பட்டம் படித்தார். அதன் பிறகே டெல்லியில் மரபியலும் பயிர்ப் பெருக்கமும். இந்தியக் காவல் பணிக்குத் தேர்வான பிறகும், நெதர்லாந்தில் மரபியல் படிக்கக் கிடைத்த உதவித்தொகையையே தேர்ந்தெடுத்தார். 1952-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் படித்த இரண்டு இளநிலைப் பட்டங்களிலும் மரபியல் என்ற பெயர் இல்லை.

இந்த இரண்டு பேரையும் வகுப்பில் சொல்லும்போது, நம் வயலையும் சேர்த்துச் சொல்கிறேன். தாமிரபரணிப் பாசனத்தில் 'அம்பை 16' நெல்லை அறியாத விவசாயி இல்லை. 1937-இல் தொடங்கப்பட்ட அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம் அது. ஆடுதுறை 31, கோ 39 என்ற இரு ரகங்களைக் கலப்பு செய்து உருவாக்கி, 1986-இல் வெளியிட்டார்கள். மெண்டல் தோட்டத்தில் செய்ததையே நம் ஊர்ப் பக்கத்திலும் ஆட்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குப் புதிய செய்தி. 'வேலை' என்ற சொல் அப்போதுதான் அவர்களுக்கு விளங்குகிறது.

உள்ளே போனால் என்ன படிக்க வேண்டும்?

'மரபியல் என்றால் டி.என்.ஏ. பற்றிப் படிப்பது' என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் எதிர்ப்படுவது கணக்கு.

மெண்டலின் எண்களையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் தலைமுறையில் அவருக்குக் கிடைத்த உருண்டை விதைகள் 5,474. சுருங்கிய விதைகள் 1,850. மொத்தம் 7,324. சரியாக 3:1 என்றால் 5,493-உம் 1,831-உம் வந்திருக்க வேண்டும். 19 விதை வித்தியாசம். இந்த 19 தற்செயலா, அல்லது விதியே தவறா? இதைத் தீர்மானிக்கக் கல்லூரியில் கை-வர்க்கச் சோதனை என்ற புள்ளியியல் முறையைக் கற்றுத் தருகிறார்கள். கணக்கிட்டால் விடை சுமார் 0.26. அது 3.84-க்குக் கீழே இருப்பதால், 'வித்தியாசம் தற்செயலே' என்று ஏற்கலாம். நிகழ்தகவு புரியாத பிள்ளை இந்த இடத்தில் திணறிப்போகும். எனவே கணித ஆசிரியருக்கும் இதில் பங்கு உண்டு.

அடுத்தது கையால் செய்யும் வேலை. விலங்கியல் ஆய்வகத்தில் பழ ஈ வளர்க்க வேண்டும். கனிந்த வாழைப்பழத்தைத் திறந்து வைத்தால் தேடி வரும் அதே சின்ன ஈதான். 25 டிகிரி வெப்பத்தில் சுமார் பத்து நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும், குரோமோசோம்கள் எட்டுதான். 1910-இல் மார்கன் வெள்ளைக் கண் ஈயைக் கொண்டு, ஜீன்கள் குரோமோசோமில் இருப்பதற்குச் சான்று கண்டது இதில்தான். தாவரவியலில் வெங்காய வேர் நுனியைச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, 16 குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். முதல் நாளே தெளிவாகத் தெரிந்துவிடாது. பொறுமை வேண்டும்.

அதன் பிறகே டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தல், பி.சி.ஆர்., ஜீன் வரிசை அறிதல், கணினியில் அவ்வரிசைகளை ஒப்பிடுதல் எல்லாம் வருகின்றன. மனித ஜீனோமில் சுமார் 300 கோடி எழுத்து இணைகள். கணினி இல்லாமல் அதை இன்று யாரும் தொடுவதில்லை. பாடநூல்களும் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு முதல் பருவம் கடினமாக இருக்கும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

நாம் பள்ளியில் சொன்ன சிலவற்றைக் கல்லூரி திருத்தவும் செய்யும். நாக்கை மடிப்பது ஒரே ஜீனால் வரும் ஓங்கு பண்பு என்று நான் பல ஆண்டு சொல்லி வந்தேன். ஒரே மாதிரி இரட்டையரிலேயே ஒருவர் மடிக்க, மற்றவரால் முடியாமல் போவது உண்டு என்று 1950-களிலேயே காட்டிவிட்டார்கள். 'அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் மடிக்க வராது, எனக்கு மட்டும் வருதே' என்று ஒரு பிள்ளை வகுப்பில் எழுந்து கேட்டால், நம் தவறான பாடம் ஒரு குடும்பத்தையே சந்தேகத்தில் நிறுத்திவிடும். இப்போது அந்த எடுத்துக்காட்டை நான் விட்டுவிட்டேன்.

இந்தப் படிப்பின் தேவை நம் மாநிலத்தில் அதிகம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கும் மேல் உறவுக்குள் நடக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் என்ற உறவில் இருவருக்கும் பொதுவாக இருக்கக்கூடிய ஜீன்கள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு. இதனால் ஒடுங்கு பண்பு நோய்கள் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. கூடுகிறது என்றால் வந்தே தீரும் என்று பொருளில்லை. இந்த வேறுபாட்டை யாரையும் புண்படுத்தாமல், தமிழில் ஒரு குடும்பத்துக்கு விளக்கிச் சொல்ல மரபியல் ஆலோசகர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம் பள்ளிகளிலிருந்து வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

முடிவு பத்தாம் வகுப்பிலேயே

வழி எங்கே பிரிகிறது என்பதுதான் நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. அது பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நாள்.

இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் அடங்கிய பிரிவு எடுத்தால் பெரும்பாலான கதவுகள் திறந்திருக்கும். விலங்கியல், தாவரவியல், வேளாண்மை எல்லாவற்றுக்கும் போகலாம். பொறியியல் கலந்தாய்வு வழியாக பி.டெக். உயிர்த்தொழில்நுட்பவியலுக்கும் போகலாம். கணிதத்துக்குப் பதில் தாவரவியல், விலங்கியலைத் தனித்தனியே படிக்கும் பிரிவில் பி.டெக். வழி அடைபடும், மற்றவை இருக்கும். கணினி அறிவியலோடு கணிதம் எடுத்தால் பி.டெக். உண்டு, விலங்கியலும் தாவரவியலும் கடினம். வணிகவியல் எடுத்தால் எல்லாக் கதவுகளும் மூடிக்கொள்ளும். இதை ஒரே தாளில் எழுதிச் சேர்க்கை நாளன்று ஒட்டி வைக்கலாம். என் பழைய மாணவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு தாள்தான்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு 'ஐசர்' நிறுவனங்களையும் சொல்ல வேண்டும். ஐந்தாண்டில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த படிப்பு. செங்கோட்டை தாண்டினால் கேரளம். திருவனந்தபுரத்திலேயே ஒரு ஐசர் இருக்கிறது. அதன் நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலிருந்தும் கேள்விகள் வரும்.

செலவு பற்றியும் நாம் பேச வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வேளாண்மை, பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் உண்டு; அதில் சேருவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. உள்ளூர்க் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குப் பேருந்துச் செலவுக்கும் புத்தகத்துக்கும் இது பெரிய உதவி.

பழக்கடை அண்ணாச்சி கேட்டது

சேர்க்கைக்கு முன் அந்த மாணவியின் அப்பாவை வரச் சொன்னேன். சட்டைப் பையில் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். நான் எல்லாவற்றையும் விளக்கியதும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"மூணு வருஷம் படிச்சு முடிச்சா என்ன வேல கெடைக்கும் டீச்சர்?"

மழுப்பவில்லை. "இளநிலை மட்டும் முடிச்சா பெரிய வேல கெடைக்காது அண்ணாச்சி. இன்னும் ரெண்டு வருஷம் முதுநிலை படிக்கணும். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடம், விதைக் கம்பெனி, ஆராய்ச்சி நிலையம், தடய அறிவியல்னு போகலாம். பி.எட். படிச்சா என்ன மாதிரி டீச்சராவும் ஆகலாம். அஞ்சு வருஷம் பொறுக்கணும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. வீட்டில் அடுத்து ஒரு மகன் இருக்கிறான். பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் முடிக்க வேண்டும் என்ற பேச்சும் உறவில் இருந்தது என்று பிறகு தெரிந்தது. கடைசியில் எழுந்தபடி சொன்னார்: "மங்குஸ்தான் நட்டா காய்க்கப் பத்து வருஷம் ஆகும் டீச்சர். அதையே நட்டு வைக்கிறவங்க இருக்காங்க. இது அஞ்சுதான? படிக்கட்டும்."

இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல்-கணிதப் பிரிவில் படிக்கிறாள். தாவரவியலில் பாரம்பரிய மரபியலும், விலங்கியலில் மூலக்கூறு மரபியலும் வந்துவிட்டன. கணிதத்தில் சற்றுத் தடுமாற்றம் உண்டு. கணித ஆசிரியர் மாலையில் அரை மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லித் தருகிறார். வேளாண்மையா, விலங்கியலா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அதை மதிப்பெண்ணும் குடும்பச் சூழலும் சேர்ந்து முடிவு செய்யும்.

நம் வகுப்பில் செய்யக்கூடியவை

பெரிய ஆய்வகம் இல்லாத பள்ளியிலும் இதற்கு அடித்தளம் போடலாம். நான் செய்து பார்த்தவை மூன்று.

ஒன்று, நாணயச் சோதனை. இருவர் இருவராக உட்கார்ந்து ஆளுக்கொரு நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை ஓங்கு ஜீன், பூ ஒடுங்கு ஜீன். இரண்டும் பூவாக விழுந்தால் மட்டுமே ஒடுங்கு பண்பு. ஒவ்வொரு குழுவுக்கும் 20 முறை. பெரும்பாலான குழுக்களுக்குச் சரியாக 3:1 வராது, சண்டை போடுவார்கள். முழு வகுப்பின் எண்களையும் கூட்டிக் காட்டுங்கள். மெண்டல் ஏன் ஆயிரக்கணக்கில் விதை எண்ணினார் என்பது அப்போது தானாகப் புரியும்.

இரண்டு, வெங்காய வேர். தண்ணீர்க் குவளையின் மேல் சின்ன வெங்காயத்தை வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர் விடும். பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருந்தால் போதும். செல் பிரிதலைக் கண்ணால் பார்த்த பிள்ளை அதை மறப்பதில்லை.

மூன்று, உள்ளூர்க் கேள்விகளைச் சேகரிப்பது. மாங்கொட்டை, மங்குஸ்தான், அம்பை 16, வீட்டு ஆட்டுக்குட்டியின் நிறம் என எதுவானாலும் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். சிலவற்றுக்கு நமக்கு விடை தெரியாது. 'தெரியலம்மா, பாத்துச் சொல்றேன்' என்று சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் மறுநாள் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

போன சீசனில் அந்த மாணவி கடையிலிருந்து நான்கு மங்குஸ்தான் விதைகளைக் கொண்டுவந்தாள். காய்ந்தால் முளைக்காது என்று அவளுடைய அப்பா சொன்னாராம், ஈரத்துணியில் சுற்றியிருந்தாள். மண் நிரப்பிய பைகளில் ஊன்றினோம். இரண்டு முளைத்தன. மெதுவாகத்தான் வளர்கின்றன. ஆய்வக ஜன்னலோரம் நிழலில் வைத்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.